பன்னிரண்டு குழந்தைகளும் ஒரு பூனைக்குட்டியும்

ஜப்பானுக்கு எழுத்தறிவித்த வாத்தியார் என்று புராணம் கைகாட்டுவது வானி என்பவரை. கொரியாவில் அப்போதிருந்த பெக்ஜே ராஜ்ஜியத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஓஜின் சக்கரவர்த்தியின் பிள்ளைக்கு ட்யூஷன் எடுக்க வரும்போது கையோடு இரண்டு புத்தகம் கொண்டுவந்தார் என்கிறது, 712ல் எழுதி முடிக்கப்பட்ட 'கோஜிகி'. ஒன்று கன்ஃபூஷியஸின் உபதேசம். இன்னொன்று 'ஆயிரம் எழுத்து'. சீன எழுத்துகள் ஆயிரத்தை, ஒன்றுகூட இரண்டாம் தடவை தலைகாட்டாதபடி, நாலு நாலாகக் கோத்துப் பாட்டாக்கிய அரிச்சுவடி.

எல்லாம் சரி, ஒரு சின்னச் சிக்கல். ஓஜினின் காலத்தை எவ்வளவுதான் பிடித்து இழுத்தாலும் 5ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தைத் தாண்டி வரமாட்டேன் என்கிறது. 'ஆயிரம் எழுத்'தை எழுதிய ஜோ ஷிங்ஸி 6ஆம் நூற்றாண்டு ஆசாமி! லியாங் வம்சத்து வூ சக்கரவர்த்தி ஆயிரம் எழுத்தைக் கலைத்துப் போட்டு, 'இதை ஒரு பாட்டாக்கு' என்றாராம். மனுஷன் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டார்; பொழுது விடிந்தபோது தலை மொத்தமும் வெளுத்திருந்தது என்று கதை. ஆக, எழுதப்படுவதற்குச் சுமார் நூறு வருஷம் முன்பே டெலிவரி ஆகிவிட்ட பாடப்புத்தகம் இது. பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் கிடைத்த தலைமுறைக்கு இதெல்லாம் பொறாமையாகத்தான் இருக்கும்.

கதை பொய்யாக இருக்கலாம். ஆனால் அந்த நரைத்த தலை நிஜம். இந்த எழுத்துகளைத் தொட்டவர்கள் அத்தனை பேருக்கும் அதன்பிறகு அதுதான் நடந்தது.

விஷயம் என்னவென்றால், சீன எழுத்து சீன மொழிக்காகப் பிறந்தது. ஜப்பானிய மொழி அதற்குத் துளியும் ஒட்டு உறவில்லாதது. இரண்டுக்கும் கட்டாயக் கல்யாணம் செய்துவைத்தார்கள். விளைவு, ஒரே எழுத்துக்குச் சீனத்திலிருந்து வந்த உச்சரிப்பு ஒன்று (சில சமயம் இரண்டு மூன்று), ஊர்ச் சொல்லின் உச்சரிப்பு ஒன்று (சில சமயம் ஏழெட்டு). எந்த இடத்தில் எதைச் சொல்வது என்பதற்கு விதி உண்டா? உண்டு. அதற்கு விதிவிலக்கும் உண்டு. விதிவிலக்குதான் மெஜாரிட்டி.

கோஜிகியை எழுதிய ஓ நோ யாசுமாரோ முன்னுரையிலேயே புலம்புகிறார். பொருளை வைத்து எழுதினால் மனசில் இருப்பது வரமாட்டேன் என்கிறது, ஒலியை வைத்து எழுதினால் அனுமார் வால் மாதிரி நீள்கிறது என்று. பாவம், சக்கரவர்த்தினிக்குச் சமர்ப்பிக்கிற நூலில் போய் ஸ்டேஷனரி பிரச்சினையைப் பேசியிருக்கிறார். அவ்வளவு நொந்திருக்கிறார்!

அவருக்கு அடுத்த தலைமுறை வேறு மாதிரி யோசித்தது. கஷ்டம் என்றால் என்ன, விளையாடிவிட்டால் போயிற்று! 8ஆம் நூற்றாண்டுக் கவிதைத் தொகுப்பான 'மன்யோஷூ'வில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஷிஷி' என்ற ஒலி வேண்டும். 'ஷி' என்றால் நாலு. நாலு நாலு பதினாறு. ஆகவே '16' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார் ஒரு புண்ணியவான். 'குகு' வேண்டிய இடத்தில் '81'. 'கு' என்றால் ஒன்பது, ஒன்பதொன்பது எண்பத்தொன்று. காதலியை நினைத்து உருகுகிற கவிதையைப் படிக்க வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்த ஒரே இலக்கியம் அநேகமாக இதுதான். இன்று நம் பிள்ளைகள் மெசேஜில் 'gr8' என்கிற பாணியில் எழுதினால் மொழி செத்தது என்று கட்டுரை எழுதுகிறோம். அவர்கள் அதையே பாடத்திட்டமாக்கி, ஆயிரத்து இருநூறு வருஷம் கழித்தும் பல்கலைக்கழகத்தில் அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி வருவது என் அபிமானக் கதை. நிதானமாகவே சொல்கிறேன்.

9ஆம் நூற்றாண்டு, கியோட்டோ. சாகா சக்கரவர்த்தி. கையெழுத்தில் ஜப்பானின் மூன்று பெரும் கைகளில் ஒருவர் என்று பெயர். சக்கரவர்த்தியே போட்டியில் கலந்துகொண்டால் முதல் மூன்றில் வராமல் போவாரா என்று நீங்கள் கேட்கலாம்; அந்தக் கேள்வியை அரண்மனைக்குள் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் அரண்மனை வளாகத்தில் யாரோ ஒரு பலகையை நட்டுவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் மூன்றே எழுத்து. 'இல்லை', 'கெட்டது', 'நல்லது'. என்ன அர்த்தம்? ஒருவருக்கும் விளங்கவில்லை. கூப்பிடு ஓனோ நோ தகாமுராவை!

இந்தத் தகாமுரா அரண்மனையின் வாக்கிங் என்சைக்ளோபீடியா. பகலில் ராஜசேவை, ராத்திரியில் ஒரு கிணற்றுக்குள் இறங்கி எமலோகம் போய் எமதர்மராஜாவுக்கு அசிஸ்டென்ட் வேலை என்று ஊரே நம்பியது. (நம்ம எமன்தான். பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போனவர், அங்கே பெயர் 'எம்மா'. கிணற்றைக் கியோட்டோவின் ரோகுதோ சின்னோஜி கோயிலில் இன்றும் காட்டுகிறார்கள்.) இரண்டு ஷிஃப்ட் பார்த்த மனிதர். அவர் பலகையைப் பார்த்தார், முழித்தார். 'படிக்கத் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன், மரியாதைக் குறைவாகிவிடும்' என்றார். சொல்லித்தான் ஆகவேண்டும் என்று உத்தரவு. சொன்னார். 'கெட்டது' என்ற எழுத்தை 'சாகா' என்றும் படிக்கலாம். ஆக, 'சாகா இல்லாதிருந்தால் நல்லது'.

நிசப்தம். சக்கரவர்த்தியின் முகம் சிவந்தது. 'உன்னைத் தவிர யாருக்கும் இதைப் படிக்கத் தெரியவில்லை. அப்படியென்றால் எழுதியதும் நீதான்.' தர்க்கம் என்றால் இது தர்க்கம்! க்ராஸ்வேர்டைப் போட்டு முடித்தவனை, அதைத் தயாரித்தவன் என்று பிடித்து உள்ளே போடுவதற்குச் சமம். தகாமுரா, 'எதை எழுதிக் கொடுத்தாலும் படிப்பேன், அதனால்தான் இதையும் படித்தேன்' என்றார். 'அப்படியா?' என்று சாகா தூரிகையை எடுத்தார். ஜப்பானின் மூன்று பெரும் கைகளில் ஒன்று, 'குழந்தை' என்ற எழுத்தைப் பன்னிரண்டு தடவை வரிசையாக எழுதியது. குழந்தை குழந்தை குழந்தை... 'படி பார்க்கலாம்.'

இந்த எழுத்தைக் 'கோ' என்று படிக்கலாம். 'ஷி' என்றும் படிக்கலாம். பஞ்சாங்கத்தில் எலியைக் குறிக்க வரும்போது 'நெ'. தகாமுரா பன்னிரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படித்தார்: 'நெகோ நோ கோ நோ கோநெகோ, ஷிஷி நோ கோ நோ கோஜிஷி.' பூனையின் குட்டி பூனைக்குட்டி, சிங்கத்தின் குட்டி சிங்கக்குட்டி. எண்ணிப் பாருங்கள், இடையில் வருகிற 'நோ'வை விட்டுவிட்டால் சரியாகப் பன்னிரண்டு. சக்கரவர்த்தி சிரித்துவிட்டார். தலை தப்பியது.

பின்குறிப்பு ஒன்று உண்டு. சில வருஷம் கழித்து, சீனாவுக்குத் தூது போகும் கப்பலில் ஏறச் சொன்னபோது தகாமுரா உடம்பு சரியில்லை என்று லீவ் லெட்டர் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தூதுக் குழுவையே கிண்டலடித்துக் கவிதையும் எழுதினார். அப்போது ஓய்வுபெற்றிருந்த அதே சாகா, கோபம் தாங்காமல் அவரை ஓகி தீவுக்கு நாடு கடத்த வைத்தார். சிங்கக்குட்டியால் எப்போதும் காப்பாற்ற முடியுமா?

அந்த மூன்று கைகளில் இன்னொருவர் கூகாய். மகாத்மா, மதகுரு, கோயாசான் மலையில் மடம் கண்டவர். ஒரு அரண்மனை வாசலுக்குப் பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்தார். ஏற்றி மாட்டியாகிவிட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தால், முதல் எழுத்தில் ஒரு புள்ளி மிஸ்ஸிங்! கூகாய் அசரவில்லை. தூரிகையை மையில் தோய்த்துக் கீழே நின்றபடியே ஒரு வீசு வீசினார். அது நேரே போய்ப் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் பட்டது. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஏணி கொண்டுவரச் சொல்லியிருந்தால் இந்தக் கதை யாருக்கும் தெரிந்திருக்காது. விட்ட புள்ளியையும் ஸ்கோரில் சேர்த்துக்கொள்ள ஒரு தனித் திறமை வேண்டும். ஆனாலும் ஜப்பானியர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. வீச்சை மறந்துவிட்டு, கூகாய்க்கும் தூரிகை சறுக்கும் என்று அந்தப் பிழையைத்தான் பழமொழியாக்கி வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் ஆம்பிளைகளின் அலட்டல். பெண்கள் சீன எழுத்தைத் தொட்டால் மரியாதை கெட்டுவிடும் என்று அந்தக் காலத்து நினைப்பு. அவர்களுக்கு என்று எளிமையான ஹிராகானா என்ற ஒலியெழுத்து. அதில் 'கெஞ்சியின் கதை'யை எழுதிப்போட்டு உலக இலக்கியத்தில் உட்கார்ந்துவிட்ட முராசாகி ஷிகிபுவின் டைரியைப் படித்தால் சிரிப்பாக வரும். சின்ன வயதில் தம்பிக்குப் பாடம் நடக்கும்போது கூட உட்கார்ந்து அவனுக்கு முன்னால் மனப்பாடம் செய்துவிடுவார். அப்பா தலையிலடித்துக்கொள்வார், 'இது ஆம்பிளைப் பிள்ளையாப் பிறக்காமப் போச்சே' என்று. பெரியவளானதும், 'ஒன்று' என்ற எழுத்தைக்கூட எழுதத் தெரியாதவள் மாதிரி நடித்தாராம். ஜப்பானிய எழுத்தில் 'ஒன்று' எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு படுக்கைக் கோடு. அவ்வளவுதான். அதைக்கூடத் தெரியாது என்று சாதித்த அம்மணி, மகாராணி ஷோஷிக்கு ரகசியமாக உட்கார்ந்து பாய் ஜூயியின் சீனக் கவிதைகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

சரி, அடக்கமானவர் என்று நினைக்கிறீர்களா? அதே டைரியில் போட்டி எழுத்தாளர் சேய் ஷோனகனை ஒரு பிடி பிடிக்கிறார். கண்ட இடத்திலும் சீன எழுத்தை இறைத்துக்கொண்டு அலட்டுகிறாள், கிட்டப்போய்ப் பார்த்தால் அத்தனையும் அரைகுறை என்று. கிட்டப்போய்ப் பார்த்து அரைகுறை என்று சொல்ல முழுசாகத் தெரிந்திருக்க வேண்டுமே அம்மா?

ஆண்கள் என்ன செய்தார்கள்? அவர்களுக்கு உள்ளூர ஹிராகானாமேல் ஆசை. தோசா மாகாணத்து கவர்னர் கி நோ சுராயுகி, பதவிக்காலம் முடிந்து ஊர் திரும்பிய கப்பல் பயணத்தை 935 வாக்கில் டைரியாக எழுதினார். முதல் வரியிலேயே, ஆண்கள் எழுதுகிறார்களே டைரி, அதைப் பெண்ணாகிய நானும் எழுதிப் பார்க்கிறேன் என்கிற மாதிரி ஆரம்பம். அறுபதைத் தொட்ட மாஜி கவர்னர், இலகுவான எழுத்தில் எழுத ஆசைப்பட்டு ஃபேக் ஐடி ஆரம்பித்திருக்கிறார்!

அந்த எழுத்துகளின் இன்றைய வரிசையைக் கேட்டால் நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவீர்கள். அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. எங்கோ கேட்ட மாதிரி இல்லை? அந்த 'ஹ' இருக்குமிடத்தில் ஆதியில் 'ப'தான் இருந்தது. கூகாய் போன்ற பிக்குகள் மந்திரம் உச்சரிப்பதற்காகச் சித்தம் என்ற வடஇந்திய எழுத்தைப் படித்தார்கள். அந்த இலக்கண வரிசை ஜப்பானில் தங்கிவிட்டது. டோக்கியோவில் ஒரு அகராதியைப் புரட்டினால் நம் அரிச்சுவடியின் தூரத்துச் சொந்தக்காரன் கைகூப்புகிறான்.

ஆனால் இந்தச் சமர்த்து வரிசை சாமானியர்களிடம் வெகுகாலம் எடுபடவில்லை. அவர்களுக்கு 'இரோஹா'. 47 எழுத்தும் ஒரே ஒரு தடவை வருகிற, நிலையாமையைப் பாடும் பாட்டு. கூகாய் எழுதியது என்பார்கள். எது நன்றாக இருந்தாலும் கூகாய் கணக்கில் எழுதிவிடுவது அங்கே வழக்கம். குழந்தைகள் எழுத்தும் கற்றுக்கொண்டார்கள், உலகம் நிலையற்றது என்ற ஞானமும் ஐந்து வயதில் வந்து சேர்ந்தது. 1720ல் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்தில் தீயணைப்புப் படைகளைப் பிரித்தபோது அணிகளுக்கு ஏ, பி, சி மாதிரி இரோஹா எழுத்துகளையே பெயராக வைத்தார்கள். அதிலும் ஒரு சங்கடம். 'ஹி' என்றால் நெருப்பு. தீயணைப்பு அணிக்கு நெருப்பு என்றா பெயர் வைப்பது? 'ஹெ' என்றால் குசு. 'ரா' ஆண்குறியைக் குறிக்கும் கொச்சைச் சொல்லை ஞாபகப்படுத்தும். மூன்றையும் தூக்கிவிட்டு நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்ற எழுத்துகளைப் போட்டார்கள். உயிரைத் துச்சமாக மதித்து நெருப்பில் குதிக்கிற சூரர்கள்தான். முதுகில் குசு என்று எழுதிக்கொண்டு குதிக்க மட்டும் ஆளில்லை.

இரோஹாவை வைத்துச் சீட்டும் போட்டார்கள். ஒருத்தர் பழமொழியைப் படிக்க, அதன் முதல் எழுத்தும் படமும் இருக்கிற சீட்டை யார் முதலில் அடிக்கிறார்களோ அவர்களுக்கு. சீட்டுக்கட்டே போர்த்துக்கீசியர்கள் கொண்டுவந்த சூதாட்டச் சமாச்சாரம். ஷோகன் என்ற ராணுவத் தலைவரின் அரசு தடை போடப் போட, மக்கள் புதுப்புதுச் சீட்டாகக் கண்டுபிடித்துக்கொண்டே போனார்கள். பழமொழிச் சீட்டை மட்டும் எந்த அதிகாரி தடுப்பார்? பிள்ளைகள் படிக்கிறார்களே! 'சும்மா விளையாடலை, எஜுகேஷனல் கேம்' என்ற சமாதானத்துக்கு ஆயுசு கெட்டி.

நூறு கவிஞர்களின் நூறு கவிதையை வைத்து ஆடுகிற இன்னொரு சீட்டு உண்டு. கவிதையின் முதல் பாதியைப் படித்ததும் இரண்டாம் பாதி உள்ள சீட்டை அடிக்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதல் பாதி வரைக்கும் காத்திருப்பதில்லை. சில கவிதைகளுக்கு முதல் அசை வாயிலிருந்து வந்தாலே போதும், கை பாய்ந்துவிடும், சீட்டு அறையின் மறுகோடிக்குப் பறக்கும். எந்தக் காதல் சோகத்தையும் ஓர் அசைக்குமேல் கேட்கப் பொறுமையில்லாத ரசிகர்கள்! 1904ல் இதற்கு விதிமுறை வகுத்து முதல் போட்டி நடத்தியவர் குரோய்வா ருய்கோ, பத்திரிகை முதலாளி. பெரிய மனிதர்களின் சின்ன வீடுகளை விலாசத்தோடு அம்பலப்படுத்திச் சர்க்குலேஷன் ஏற்றியவர். செவ்வியல் கவிதைக்கு அவர் செய்த தொண்டு இது. இன்னொரு சீட்டுக் கதை. 1889ல் கியோட்டோவில் பூப்படச் சீட்டு தயாரிக்க ஒரு கடை தொடங்கியது. சூதாட்ட விடுதிகள்தான் நல்ல வாடிக்கை. பெயர், நின்டெண்டோ. பின்னாளில் அதன் டிஎஸ் என்ற கைக்கருவியில் லட்சக்கணக்கான பேர் ஸ்டைலஸால் எழுத்து எழுதிப் பழகினார்கள். எஜுகேஷனல் கேம்தான், வேறென்ன.

இதற்கு நடுவில், இந்தத் தொல்லையே வேண்டாம், கான்ஜி என்கிற சீன எழுத்துகளை ஒழித்துவிடுவோம் என்று கிளம்பியவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1866ல் மாயேஜிமா ஹிசோகா, கான்ஜியை ரத்து செய்யுங்கள் என்று ஷோகனுக்கு மனு போட்டார். மனு கான்ஜியில் இருந்தது. மறு வருஷமே ஷோகன் ஆட்சி ரத்தாகிவிட்டது, கான்ஜி தப்பித்தது. மாயேஜிமா பிறகு ஜப்பானியத் தபால்துறையின் தந்தையாகி 1 யென் ஸ்டாம்பில் முகம் காட்டினார். அதே ஸ்டாம்பில் 'ஜப்பான் தபால்' என்பது எந்த எழுத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

மோரி அரினோரி இவரையும் விஞ்சியவர். 1872ல் வாஷிங்டனில் ஜப்பானின் தூதுவர், வயது இருபத்தைந்து. எழுத்து என்ன எழுத்து, மொழியையே மாற்றி ஆங்கிலம் ஆக்கிவிடலாமா என்று யேல் பல்கலைக்கழக மொழியறிஞர் விட்னிக்குக் கடிதம் எழுதினார். அதிலும் ஒரு நிபந்தனை. ஆங்கிலத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒழுங்கில்லாத வினைச்சொற்களையெல்லாம் சரிசெய்ய வேண்டும். கடைக்குள் நுழைந்து கடைக்காரரின் சட்டையைக் கேட்டு, அதையும் ஆல்டர் செய்து கேட்ட கதை. விட்னி, 'தம்பி, உங்கள் மொழியையே வைத்துக்கொள்ளுங்கள்' என்ற தோரணையில் பதில் போட்டார். மோரிமேல் பாய்ந்தவர் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த பாபா தட்சுயி. ஜப்பானிய மொழிக்கு என்ன குறைச்சல் என்று கொதித்து, அதற்கு இலக்கணமே இருக்கிறது பார் என்று 1873ல் ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கிலத்தில். அவர் டைரி எழுதியதும் ஆங்கிலத்தில்தான்.

போரில் தோற்ற மறுவருஷம், 1946ல், 'புனைகதையின் கடவுள்' என்று கொண்டாடப்பட்ட ஷிகா நாவோயா ஒரு பத்திரிகையில் யோசனை சொன்னார். உலகத்திலேயே அழகான மொழியை எடுத்துக்கொள்வோம், பிரெஞ்சுதான் சரி என்று. கடவுளுக்குப் பிரெஞ்சு தெரியாது. அதே வருஷம் வந்திறங்கிய அமெரிக்கக் கல்விக் குழு, ரோமன் எழுத்துக்கு மாறுங்கள் என்றது. ஜனங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று நிரூபித்துவிட்டால் வேலை சுலபம். 1948ல் நாடு முழுக்க ஏறக்குறைய 17,000 பேரை உட்காரவைத்துப் பரீட்சை நடத்தினார்கள். தட்டுத்தடுமாறியவர்கள் ஏராளம். ஆனால் சுத்தமாக எழுத்தே தெரியாதவர்கள் 2 சதவீதம் அளவுக்குத்தான் தேறினார்கள். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த பிறகு நோயாளி எழுந்து வீட்டுக்குப் போன மாதிரி ஆகிவிட்டது.

இதற்குள் அரசாங்கம் 1,850 எழுத்துகளைப் பொறுக்கி, 'தற்போதைக்கு' இவை போதும் என்று 1946ல் பட்டியல் போட்டிருந்தது. கொஞ்ச காலத்தில் மொத்தமாக விட்டுவிடலாம் என்று ஒரு கோஷ்டிக்கு நம்பிக்கை. தற்போதைக்கு என்று அரசாங்கம் சொன்னால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? 1981ல் பட்டியல் 1,945 ஆனது. 2010ல் 2,136. கடைசியாகச் சேர்ந்தவற்றில் 'மனச்சோர்வு' என்ற எழுத்தும் ஒன்று. இருபத்தொன்பது கோடு. எழுதி முடிப்பதற்குள் பொருள் அனுபவபூர்வமாக விளங்கிவிடும். யார் கையால் எழுதப்போகிறார்கள், கம்ப்யூட்டரில் தட்டினால் வருகிறதே என்பதுதான் சேர்த்தவர்களின் சமாதானம்.

ஆம், கம்ப்யூட்டர். 1978ல் தோஷிபா அறிமுகப்படுத்திய முதல் ஜப்பானிய வேர்ட் ப்ராசஸரின் எடை 220 கிலோ, விலை 63 லட்சம் யென். உச்சரிப்பைத் தட்டினால் எழுத்து வந்து நிற்கும். பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். இதில் பழகிய தலைமுறை, கையால் எழுத உட்கார்ந்தபோது விரல்கள் வேலைநிறுத்தம் செய்தன. அதற்கு வைத்தியமாக இன்னொரு மின்னணுக் கருவி விற்றார்கள்.

இந்த மறதி எந்த உயரம் வரைக்கும் போனது என்பதற்குச் சாட்சி, 2008ல் பிரதமரான ஆசோ தாரோ. முன்னாள் பிரதமர் யோஷிதாவின் பேரன், காமிக்ஸ் பிரியர். நவம்பரில், தான் படித்த பல்கலைக்கழகத்திலேயே நடந்த சீன-ஜப்பான் நட்புறவு நிகழ்ச்சி. இரு நாட்டுத் தலைவர்கள் 'அடிக்கடி' சந்தித்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்ததை 'சிக்கலாக' என்று படித்துவைத்தார். அதே மூச்சில் 'வரலாறு காணாத' என்ற சொல்லையும் வரலாறு காணாத விதமாக உச்சரித்தார். சீனர்களுக்கு முன்னால், சீனர்களிடம் கடன் வாங்கிய எழுத்தில்! நாடாளுமன்றத்தில், முந்தைய அரசின் கொள்கையைப் 'பின்பற்றுவதாக'ச் சொல்ல வேண்டிய இடத்தில் 'அழுகல் நாற்றம்' என்று காதில் விழுகிற ஒலி வந்தது. அடுத்த ஜனவரியில் மேலவையில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், பிரதமர் பெயரில் வந்த கட்டுரையிலிருந்தே பன்னிரண்டு சொற்களைப் பெரிய அட்டையில் எழுதி எடுத்துவந்து காட்டினார். நடந்துகொண்டிருந்தது பட்ஜெட் குழு விசாரணை. சாகா சக்கரவர்த்தி பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். ஆனால் ஆசோ, தகாமுரா இல்லையே!

நாடே சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒவ்வொருவருக்கும் உள்ளூர ஒரு நடுக்கம், 'நமக்குத் தெரியுமா?' படிக்கத் தெரிந்த மாதிரி இருந்து படிக்க முடியாத எழுத்துகள் பற்றிய புத்தகம் ஒன்று விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. கான்ஜித் திறன் தேர்வு என்று ஒரு பரீட்சை உண்டு. 1975லிருந்து நடக்கிறது. வருஷத்துக்கு 20 லட்சம் பேருக்குமேல் பணம் கட்டி எழுதிய காலம் அது. எதற்கு என்கிறீர்களா? சுவரில் சான்றிதழ் மாட்டத்தான். லாபநோக்கமில்லாத அந்த நிறுவனத்தில் லாபம் கொட்டோ கொட்டென்று கொட்டி, 2009ல் அதன் முன்னாள் தலைவரும் அவர் மகனும் நம்பிக்கை மோசடி வழக்கில் கைதானார்கள். 'லாபம்' என்பது எளிய எழுத்து; நாலாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தத் தேர்வில் எழுத்தின் வடிவம் மட்டும் போதாது, கோடு போடுகிற வரிசையையும் கேட்பார்கள். 'வலது', 'இடது' இரண்டுக்கும் மேல்பாகம் ஒன்றே. ஒரு படுக்கைக் கோடு, ஒரு சாய்வுக் கோடு. 'இடது' எழுதும்போது படுக்கைக் கோட்டை முதலில் போட வேண்டும். 'வலது' எழுதும்போது சாய்வுக் கோட்டை முதலில். எழுதி முடித்த பிறகு எது முதலில் வந்தது என்று பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மார்க் போய்விடும்.

பிறந்து வளர்ந்தவர்கள் பாடே இப்படி என்றால் வெளியூர்க்காரர்கள்? ஜேம்ஸ் ஹெய்சிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுபதுகளில் ஜப்பான் வந்தார். மொழிப் பள்ளியில் வகுப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. சரி, தனியாகவே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு எழுத்தையும் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுகளை வைத்துக் கோணங்கிக் கதை கட்டினார். மனிதன் மரத்தில் சாய்ந்தால் 'ஓய்வு'. வயலில் பலம் காட்டுகிறவன் 'ஆண்'. கூரைக்குக் கீழே பெண் இருந்தால் 'நிம்மதி' (இதே எழுத்துக்கு 'மலிவு' என்றும் பொருள், கண்டுபிடித்தவன் வீட்டுக்குப் போனானா தெரியவில்லை). ஒரே மாதத்தில் சுமார் 1,900 எழுத்தை எழுதக் கற்றுக்கொண்டேன் என்கிறார். அந்த முறையைப் புத்தகமாகவும் போட்டார். உலகம் முழுக்க அதற்குப் பக்தர்கள். முதல் பாகத்தை முடித்தவர் இரண்டாயிரம் எழுத்துக்கும் பொருள் சொல்வார், கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். ஒன்றைக்கூட வாய்விட்டுப் படிக்கமாட்டார். உச்சரிப்பு இரண்டாம் பாகத்தில்!

பிறகு செல்போன் யுகம். ஜப்பானிய மொழி கற்க ஆசைப்பட்ட டேமியன் எல்ம்ஸ் என்ற ஆஸ்திரேலியர் 2006ல் 'அன்கி' என்ற நிரலை எழுதினார். மறக்கப்போகிற நேரம் பார்த்துச் சீட்டை நீட்டுகிற கணக்குப்பிள்ளை. அருமையான சாதனம், மறுக்கவே இல்லை. ஆனால் இதைப் பயன்படுத்துகிறவர்களைக் கவனியுங்கள். சீட்டுக்கு என்ன ஃபான்ட், பின்னணி என்ன நிறம், எத்தனை நாள் இடைவெளி என்று ஒரு மாதம் ஆராய்ச்சி. எழுத்து? நாளைக்கு. மூன்று நாள் திறக்காமல் விட்டால் நானூறு சீட்டு வாசலில் வரிசை கட்டி நிற்கும், வட்டிக்காரன் மாதிரி. எழுத்தைச் சரியாகத் தட்டினால் வழவழவென்று ஊர்ந்துவரும் ஸ்லைம் பூதம் செத்துவிழுகிற கேமும் இருக்கிறது. என் சிற்றறிவுக்கு இதுவே நாணயமாகப் படுகிறது. எதிரில் நிற்பது பூதம் என்பதை ஒளிக்கவில்லை.

ஆனால் இத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டது 2017ல் வந்த பயிற்சிப் புத்தகம். ஜப்பானியத் தொடக்கப்பள்ளியில் ஆறு வருஷத்தில் அப்போது 1,006 கான்ஜி. எழுதி எழுதிப் பழகுவதைப்போல அலுப்பான வேலை பிள்ளைகளுக்கு வேறில்லை. ஃபுருயா யூசாகு என்ற எழுத்தாளர் ஒரு எழுத்துக்கு மூன்று வாக்கியம் வீதம் 3,018 உதாரண வாக்கியம் எழுதினார். அத்தனையிலும் ஒரு சொல் கட்டாயம் இருக்கும். கக்கா. ஆமாம், அதேதான். ஒரு வாக்கியம்கூட விலக்கில்லை. 'ஆயிரம் எழுத்'தில் எதுவும் இரண்டாம் தடவை வராது; இதில் ஒன்று மூவாயிரத்துப் பதினெட்டுத் தடவையாவது வரும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே எழுதினார்கள், இன்னும் கொடு என்று கேட்டு எழுதினார்கள். வெளிவந்த சில மாதங்களிலேயே விற்பனை பல லட்சங்களைத் தாண்டியது. கன்ஃபூஷியஸால் ஆகாத காரியம்!

பெரியவர்கள் முகம் சுளித்தார்களா? அரசாங்கமே போய்க் கதவைத் தட்டியது. குழந்தைகளுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லித்தர, ஜப்பானின் நிதிச் சேவைகள் முகமை 2021ல் அந்தப் புத்தகத்தைப் போட்ட பதிப்பகத்தோடு கைகோத்து ஒரு கக்காப் பணப் பாடம் வெளியிட்டது. அப்போது அந்த முகமைக்குப் பொறுப்பு அமைச்சர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் ஆசோ தாரோதான்.